சேலைக்குத் தெரிந்த வழி

ஆறு, பத்தொன்பது, பதினொன்று. இந்த மூன்று எண்களையும் உலகம்மாள் ஒரு சிலேட்டில் எழுதிச் சமையலறைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தாள். எத்தனை முறை பார்த்தாலும் அவற்றுக்குள் ஓர் ஒழுங்கு பிடிபடவில்லை.

அவை நாட்கள். அடி தாங்காமல் ஓடி வந்த மூன்று பெண்கள் ஒளித்து வைக்கப்பட்ட பிறகு எத்தனையாவது நாளில் அகப்பட்டார்கள் என்ற குறிப்பு.

ஆறு என்பது ஆய்க்குடி மாடத்தி. ஆறாம் நாள் காலையில் அவள் புருஷன் வாசலில் வந்து நின்றான். தலைமுடியைக் கையில் மூன்று சுற்றுச் சுற்றி ரோடு வரைக்கும் இழுத்துக்கொண்டு போனான். பத்து நாள் கழித்து அவளை ஊர்க் கிணற்றிலிருந்து எடுத்தார்கள். வயிற்றோடு அம்மிக்குழவி கட்டியிருந்தது. பத்தொன்பது என்பது சுரண்டைக்காரி. அவளுடைய அண்ணன்மார் இரண்டு பேர் வந்து, இனி இவள் எந்த வீட்டுக்கும் ஓடக் கூடாது என்று சொல்லி, வாசற்படியில் காலை வைத்துக் கணுக்காலை உடைத்தார்கள். பதினொன்று என்பது இலத்தூர்க்காரி. அன்றைக்கு உலகம்மாள் குறுக்கே விழுந்து தடுத்தாள். உலகம்மாளுக்கு முன்பல் இரண்டு போயிற்று. இலத்தூர்க்காரிக்கு ஒரு கண் போயிற்று.

மூன்றும் நடந்தது ஒரே வருஷத்தில், அந்த 1937-இல். அதற்கு முந்தைய மூன்று வருஷத்தில் ஒருத்தி கூட அகப்பட்டதில்லை.

அவர்களை ஒளித்து வைத்த ஸ்திரீ சகாய சங்கத்தை நடத்தியவர்கள் இரண்டு பேர். உலகம்மாள் தென்காசியில் வக்கீலாக இருந்தவரின் விதவை. வயது நாற்பத்தெட்டு. ஊரில் 'வக்கீலாச்சி' என்றால் எல்லோருக்கும் தெரியும். இன்னொருத்தி ஹாஜரா பீவி. புருஷன் இறந்த பிறகு கடைவீதியில் அவருடைய ஜவுளிக்கடையைத் தானே நடத்திவந்தாள். ஓடி வருகிற பெண்கள் முதலில் ஹாஜரா பீவியின் வீட்டுக்குத்தான் வருவார்கள். அது ஊரறிந்த இடம், வாசலில் போர்டு கூட உண்டு. ஆனால் அங்கே யாரும் ஒரு மணி நேரத்துக்கு மேல் தங்குவதில்லை. கூண்டு வண்டியில் ஏற்றிக் குற்றாலத்துக்கு அனுப்பிவிடுவார்கள்.

குற்றாலத்தில் ஒளிப்பது எப்படி என்றால், அங்கே சீசன் பங்களாக்கள் ஏராளம். ஆனி, ஆடி, ஆவணியில் சாரல் விழும்போது ஜமீன்தார்களும் துரைமார்களும் வந்து நிறைந்துவிடுவார்கள். மற்ற ஒன்பது மாதமும் பங்களாக்கள் பூட்டிக் கிடக்கும். கறையான் பிடிக்காமல் பார்த்துக்கொள்ள ஆள் கிடைத்தால் போதும் என்று சொந்தக்காரர்கள் சாவியைக் கொடுத்துவிடுவார்கள். உலகம்மாள் அப்படி ஒரு பங்களாவை வாங்கி, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அதை மாற்றுவாள். வண்டிக்காரன் அருவி ரோடு முக்கிலேயே இறக்கிவிட்டுத் திரும்பிவிடுவான். அங்கிருந்து உலகம்மாளே பெண்ணைக் கூட்டிக்கொண்டு நடப்பாள். ஆக, எந்த பங்களா என்பது வண்டிக்காரனுக்கும் தெரியாது. வந்த பெண் காம்பவுண்டை விட்டு வெளியே போகக் கூடாது. குளிப்பதும் துவைப்பதும் உள்ளே இருக்கிற கிணற்றடியில்தான். கடிதம் எழுதக் கூடாது.

அப்படியும் வந்துவிடுகிறார்கள். பக்கத்து பங்களாவைத் தட்டிப் பார்ப்பதில்லை. நேராக இந்த வாசலுக்கே வருகிறார்கள்.

இதைவிட விசித்திரம் ஒன்று இருந்தது. அதே வருஷம் வந்த இன்னும் இரண்டு பெண்கள் அகப்படவே இல்லை. ஒருத்தி கடையநல்லூர்க்காரி, ஏழு மாதக் கர்ப்பிணி. அவளால் வேகமாக நடக்கக் கூட முடியாது. இன்னொருத்தி இலஞ்சிக்காரி, கையில் இரண்டு மாதக் குழந்தை. அந்தக் குழந்தை அழுதால் ரோட்டில் போகிறவன் நின்று திரும்பிப் பார்ப்பான். அகப்பட வேண்டியவர்கள் அகப்படவில்லை, சத்தமே இல்லாமல் மூலையில் கிடந்தவர்கள் அகப்பட்டார்கள்.

இந்தக் குழப்பத்தோடு உலகம்மாள் இருந்தபோதுதான், பங்குனி வெயிலில், சுந்தரபாண்டியபுரத்திலிருந்து சந்தனமாரி வந்தாள்.

பத்தொன்பது வயது. இடது காதில் பாம்படம் இல்லை, பாம்படம் தொங்கிய காதுச் சோணையும் இல்லை. புருஷன் சங்கரபாண்டி பிடித்து இழுத்ததில் இரண்டும் சேர்ந்து வந்துவிட்டன. முதுகில் சாட்டைத் தடம் பழையது, புதியது என்று ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தது.

"அடுத்த தடவை காது இல்ல, கழுத்துன்னு சொல்லியிருக்காரு ஆச்சி," என்றாள். "சொன்னா செய்வாரு. வயக்காட்டுத் தகராறுல ஒரு ஆளை வெட்டிட்டு, வீட்டுக்கு வந்து உக்காந்து மோர் குடிச்சவரு."

"இங்கன யாரும் உன்னைக் கண்டுபிடிக்க முடியாது," என்றாள் உலகம்மாள். வாயிலிருந்து வந்த பிறகுதான் அது பொய்யாக இருக்கலாம் என்று உறைத்தது. வழி எங்கே திறந்திருக்கிறது என்று தெரியாமல் எப்படி அடைப்பது?

ஒரு வாரம் அவள் தூங்கவில்லை. யாருக்குத் தெரியும் என்று ஒவ்வொரு ஆளாகக் கழித்துக்கொண்டே வந்தாள். வண்டிக்காரன் இல்லை. காய்கறிக்காரனுக்கு வாசலோடு சரி. ஹாஜரா பீவி சாகிற வரை சொல்ல மாட்டாள். கடைசியில் மிஞ்சியது ஆவுடைத்தாய் மட்டும்தான்.

ஆவுடைத்தாய் சமையல்காரி. கடையத்திலிருந்து நான்கு வருஷத்துக்கு முன் சூட்டுக்கோல் காயத்தோடு ஓடி வந்தவள், சங்கத்தின் முதல் ஆள். போக இடமில்லாமல் அங்கேயே தங்கி அடுப்பை ஏற்றுக்கொண்டாள்.

சந்தனமாரி வந்த எட்டாம் நாள் மத்தியானம், மாடி ஜன்னல் வழியாக உலகம்மாள் பார்த்தபோது, பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஆவுடைத்தாய் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள். சுவர் மறைத்ததால் ஆள் தெரியவில்லை. உலகம்மாள் இறங்கி வருவதற்குள் கதவு சாத்தியாகிவிட்டது.

"யாரு வந்தா?"

"யாரும் வரலியே ஆச்சி."

"நான் கண்ணால பார்த்தேன். யாரு வந்தா?"

"யாரும் வரல. எதுக்கு இப்படிக் கேக்கீங்க?"

உலகம்மாளுக்குக் கிணற்றிலிருந்து எடுத்த மாடத்தியின் முகம் கண்முன் வந்தது. அடுப்புமேடையில் கிடந்த அகப்பையை எடுத்தாள். முதல் அடி தோளில் விழுந்தது. இரண்டாவது கன்னத்தில். மூன்றாவதில் அகப்பைக் காம்பு முறிந்தது. ஆவுடைத்தாய் கையைத் தூக்கித் தடுக்கவே இல்லை. தடுத்தால் இன்னும் விழும் என்பது அவளுக்குப் பழைய பாடம்.

"எனக்கு அடி புதுசா ஆச்சி?" என்றாள், வாயில் ரத்தத்தோடு. "அடிச்சது நீங்கங்கதுதான் புதுசு."

மறுநாள் காலையில் அரிசி மூட்டையோடு வந்த ஹாஜரா பீவி, வீங்கிப்போயிருந்த அந்த முகத்தைப் பார்த்துவிட்டு உலகம்மாளிடம் போனாள்.

"அக்கா, வாசல் போர்டை மாத்தி எழுதச் சொல்லட்டுமா? ஸ்திரீகளை அடிக்கிற சங்கம்னு?"

"அவ பொய் சொல்லுதா, பீவி. பின்கதவுல ஆள் வந்தது நெசம்."

"சரி, பொய் சொல்லுதா. ஆய்க்குடிக்காரனும் இதைத்தான் சொன்னான். அவ பொய் சொன்னா, அதான் அடிச்சேன்னு."

அப்போது காம்பவுண்டுச் சுவரிலிருந்து ஆட்கள் குதிக்கிற சத்தம், ஒன்று, இரண்டு, மூன்று என்று கேட்டது.

ஹாஜரா பீவி ஓடிப்போய் முன்கதவைச் சாத்தி இரும்புப் பட்டையைக் குறுக்கே போட்டாள். தேக்குக் கதவு, இரண்டு அங்குல கனம், அரிவாளால் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் அந்தக் கதவில் ஒரு குறை இருந்தது. நம் ஊர்க் கதவுகள் உள்பக்கம் திறக்கும். கட்டிய துரை காற்றோட்டத்துக்காக இதை வெளிப்பக்கம் திறக்கும்படி வைத்திருந்தான். வெளிப்பக்கம் திறக்கும் கதவுக்குக் கீல்களும் வெளியே இருக்கும். கீலுக்குள் இருக்கிற ஆணியைக் கடப்பாரை முனையால் நெம்பி மேலே தள்ளிவிட்டால், பட்டை போட்டிருந்தாலும் கதவு மறுபக்கமாகக் கழன்று வந்துவிடும். சங்கரபாண்டிக்கு அதைக் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. மூன்று ஆணிகளும் ஒவ்வொன்றாகத் தரையில் விழுகிற சத்தம் உள்ளே கேட்டது.

கதவு சாய்ந்தது. முதலில் அவன் தம்பி உள்ளே வந்தான். அவனுக்காக அடுப்பில் கொதித்த கஞ்சிப் பானையோடு ஆவுடைத்தாய் நின்றிருந்தாள். கஞ்சி தண்ணீரைப் போல வழிந்து ஓடாது, தோலில் ஒட்டிக்கொண்டு அங்கேயே வேக வைக்கும். அவன் முகத்தைப் பொத்திக்கொண்டு, அம்மையைக் கூப்பிட்டு அலறியபடி வந்த வழியே ஓடினான். கடப்பாரையோடு வந்த கூலி ஆள் அந்த முகத்தைப் பார்த்துவிட்டு அவன் பின்னாலேயே ஓடினான்.

சங்கரபாண்டி ஓடவில்லை. கீழே கிடந்த பானையை மிதித்து உடைத்துக்கொண்டு உள்ளே வந்தான். குறுக்கே வந்த ஹாஜரா பீவியின் வயிற்றில் ஓர் உதை விட்டான். அவள் சுவரில் மோதி விழுந்தாள். குத்துரலுக்குப் பின்னால் ஒடுங்கியிருந்த சந்தனமாரியைக் கண்டதும் சிரித்தான். இடுப்பில் செருகியிருந்த ஒரு சேலையை உருவி அவள் மேல் எறிந்தான்.

"ஏட்டி, உன் சேலைக்குத் தெரிஞ்ச வழி உனக்குத் தெரியலையா? அது ஒழுங்கா வீடு வந்து சேர்ந்துட்டு. நீதான் வரல."

சொல்லிக்கொண்டே கழுத்துக்கு அரிவாளை வீசினான்.

அரிவாள் சந்தனமாரியின் கழுத்துக்குப் போகவில்லை. இடையில் ஆவுடைத்தாயின் இடது கை வந்தது. இரண்டு விரல்கள் தரையில் விழுந்தன. மூன்றாவது தோலோடு தொங்கியது. அவள் அலறவில்லை. மற்றக் கையால் அவன் முடியைப் பிடித்துக்கொண்டாள், பற்களால் அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள். அரிவாளை மறுபடி ஓங்க அவனுக்கு இடம் கிடைக்கவில்லை.

உலகம்மாள் உலக்கையை எடுத்தாள். மனிதனின் முழங்கால் முன்னிருந்து வரும் அடியைத் தாங்கும், பக்கத்திலிருந்து வரும் அடியைத் தாங்காது. கதவைப் போலவே அதுவும் ஒரு பக்கம் மட்டுமே மடங்குகிற கீல். பூண் போட்ட முனையை வைத்துப் பக்கவாட்டில் அவள் அடித்தாள். கரும்பு ஒடிகிற சத்தம். அவன் விழுந்தான். விழுந்த பிறகும் அடித்தாள். அரிவாள் பிடித்த மணிக்கட்டில், தோளில், விலாவில். "போதும் அக்கா, செத்துருவான்," என்று ஹாஜரா பீவி வயிற்றைப் பிடித்தபடி தவழ்ந்து வந்து உலக்கையைப் பிடுங்கினாள். பிறகு அவளே கிணற்றுக் கயிற்றை அறுத்து வந்து அவன் கைகால்களைக் கட்டினாள்.

மத்தியானத்துக்குள் போலீசார் வந்து சங்கரபாண்டியை வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள். ஆவுடைத்தாயின் கைக்கு டிரஸ்ஸர் வந்து கட்டுப் போட்டார். ஆனால் சங்கரபாண்டிக்கு ஐந்து தம்பிமார். முகம் வெந்தவனைக் கழித்தாலும் நான்கு பேர் முழுசாக இருந்தார்கள். சந்தனமாரியை வேறு பங்களாவுக்கு மாற்றினாலும் வழி திறந்தே இருக்கும்.

உலகம்மாள் ரத்தத்தில் கிடந்த அந்தச் சேலையை எடுத்து விரித்தாள். நீலக் கண்டாங்கி. இடுப்பில் செருகிக் கசங்கியிருந்தாலும் வெள்ளாவி வைத்துத் துவைத்து மடித்த மடிப்பு அப்படியே இருந்தது.

"இது நீ வரும்போது கட்டியிருந்ததுல்லா? எப்பம் அவுத்தே?"

சந்தனமாரி தரையைப் பார்த்தாள். "அஞ்சாம் நாள், ஆச்சி. வீட்டுக்குத் தூரமாயிட்டேன். மாத்துத் துணி கட்டிக்கிட்டு இதைப் போட்டேன்."

"யாருகிட்ட?"

"பேச்சித்தாய்கிட்ட," என்றாள் படுத்துக் கிடந்த ஆவுடைத்தாய். "மாத்துக் கொண்டு வாறவ. நேத்துப் பின்கதவுல வந்ததும் அவதான்."

"யாரும் வரலைன்னு சொன்னியே!"

"ஆமா. வண்ணாத்தி வந்ததைக் கேக்கீங்கன்னு நான் என்னத்தைக் கண்டேன்? வண்ணாத்தி வந்தா ஆள் வந்ததாவா சொல்லுவோம்?"

மாதவிலக்கான பெண் மூன்று நாள் பின்கட்டில் இருப்பாள். அவள் கட்டியிருந்த துணியை வீட்டில் யாரும் தொட்டுத் துவைக்க மாட்டார்கள். சலவைக்காரிதான் வந்து எடுத்துப் போவாள், பதிலுக்குத் தான் கொண்டு வந்த மாற்றுத் துணியைக் கட்டக் கொடுப்பாள். ஊர் வழக்கம் அது. உலகம்மாளுக்கு அது நின்று மூன்று வருஷம் ஆகிவிட்டது. ஹாஜரா பீவியின் வீட்டில் அந்த வழக்கமே கிடையாது. சங்கத்தின் தலைவிகள் இரண்டு பேருக்கும் அந்தப் பின்கதவு நினைவில் இல்லை. மற்றவர்கள் அதை வெளியே சொல்கிற விஷயமாகவே எண்ணவில்லை.

அன்று பிற்பகலே அவள் சேலையை எடுத்துக்கொண்டு சிற்றாற்றுத் துறைக்குப் போனாள். பேச்சித்தாய் கல்லுக்குப் பக்கத்தில் வலது கையை முந்தானையில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உலகம்மாளைக் கண்டதும் எழுந்து ஓடப் பார்த்தாள்.

"உன்னை அடிக்க வரல. கையைக் காட்டு."

நான்கு விரல்கள் கறுத்து வீங்கியிருந்தன.

"ஒவ்வொண்ணாப் பின்னால மடக்கினாரு, தாயே," என்றாள் பேச்சித்தாய். "ரெண்டு வரைக்கும் சொல்லல. மூணாவதுலயும் சொல்லல. நாலாவதுல சொல்லிட்டேன்."

"உன்கிட்டதான் கேக்கணும்னு அவனுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

பேச்சித்தாய் சேலையை வாங்கி, உள் முந்தியின் மூலையைப் பிரித்துக் காட்டினாள். கறுப்பாக ஒரு கோடு, அதன் கீழே மூன்று புள்ளி. எறும்பு அளவுதான்.

"குறி, தாயே. சேங்கொட்டையை ஊசியால குத்தி, அந்தப் பாலைத் தொட்டு வைக்கிறது. மேல சுண்ணாம்பு தடவினா கறுத்துரும். பிறகு வெள்ளாவியில வெச்சாலும் போகாது, துணி கிழியுத வரைக்கும் போகாது. கோடு சுந்தரபாண்டியபுரம். மூணு புள்ளி அந்த வீடு. வீட்டுக்கு வீடு வேற வேற."

"சரி. உன் மூட்டையில இருந்த துணி அங்கன எப்படிப் போச்சு?"

"இந்த வருஷம் மழை இல்லியே. ஊர்க் குளமெல்லாம் வத்திப்போச்சு. பத்து மைல் சுத்துல உள்ள அத்தனை பேரும் கழுதையில ஏத்திக்கிட்டு இந்தத் துறைக்குத்தான் வாறோம். ஒரே மணல்லதான் காயப்போடுதோம். துணி கலந்துதான் போவும். அதுக்குத்தானே குறி? தன் ஊர்க் குறி அடுத்தவன் மூட்டையில கிடந்தா, எடுத்து அந்த வீட்டுலயே கொண்டு சேத்துருவோம். சேக்காட்டி அது களவு, தாயே. அந்த ஊர் ஆளு நல்ல மனுசன், நெசமாவே தப்பிப்போன துணின்னு நினைச்சுக் கொண்டு போய்க் குடுத்திருக்கான். எங்க கிடந்துதுன்னு கேட்டிருக்காக, பேச்சித்தாய் மூட்டையிலன்னு சொல்லியிருக்கான்."

"மாடத்தி சேலையும் இப்படித்தானா?"

"காணாமப் போச்சு. சுரண்டைக்காரி துணியும் போச்சு, இலத்தூர்க்காரி துணியும் போச்சு. அந்த வீட்டு ஆளுக வந்து, எந்த பங்களாச் சேலைன்னு கேட்டாக. சொன்னேன். அடிக்கப் போறாகன்னு தெரியல. தெரிஞ்ச பிறகு உங்ககிட்டச் சொல்லப் பயமா இருந்துச்சு."

யாரும் காட்டிக் கொடுக்கவில்லை. நேர்மையானவர்கள் தொலைந்த துணியை உரிய வீட்டில் சேர்த்திருக்கிறார்கள், அவ்வளவுதான். உலகம்மாளுக்குச் சிலேட்டு ஞாபகம் வந்தது. ஆறு, பத்தொன்பது, பதினொன்று. மூன்று பெண்களுக்கும் மாதவிலக்கு வந்த நாளோடு, துணி வெளுத்துக் காய்ந்து ஊர் போய்ச் சேரச் சில நாட்கள். அதனால்தான் எண்களில் ஒழுங்கில்லை. கர்ப்பிணிக்கும் பால் கொடுக்கிறவளுக்கும் மாதவிலக்கு இல்லை, அதனால் அவர்கள் துணி வெளியே போகவே இல்லை. முந்தைய வருஷங்களில் குளங்களில் தண்ணீர் இருந்தது, அதனால் துறைகள் கலக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவள் நேராக ஆவுடைத்தாயின் பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நான் அடிச்சது தப்பு," என்றாள். வேறு எதையும் சேர்த்துச் சொல்லவில்லை.

"ஆமா, தப்புதான்," என்றாள் ஆவுடைத்தாய். பிறகு, "புது அகப்பை ஒண்ணு வாங்கணும்," என்றாள்.

ஹாஜரா பீவி கேட்டாள்: "இனி சலவைக்கே போடாண்டாம்னு சொல்லிருவோமா?"

"வழக்கத்தை நிறுத்தினா இவளுக இருக்க மாட்டாளுக, பீவி. அதோட பேச்சித்தாய் பிழைப்பும் போயிரும்." உலகம்மாள் சேலையின் மூலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "துணி போறது தப்பில்ல. போய்ச் சேருத வீடுதான் தப்பு. உன் வீட்டுக்குக் குறி என்ன?"

"பிறை மாதிரி ஒரு வளைவு. அடியில ரெண்டு புள்ளி."

அன்று முதல் சங்கத்தில் நடந்தது இதுதான். ஒரு பெண் வந்த முதல் மணி நேரத்திலேயே, ஹாஜரா பீவியின் வீட்டில் வைத்து, அவள் கொண்டு வந்த ஒவ்வொரு துணியிலும் குறி இருக்கிற மூலையைக் கத்தரித்து அடுப்பில் போட்டார்கள். வெட்டிய ஓரத்தை மடித்துத் தைத்தார்கள். விரல் ஆறிய பிறகு பேச்சித்தாய் அங்கேயே வந்து, எல்லாத் துணிக்கும் சேங்கொட்டையால் ஒரே குறியை வைத்தாள்: பிறை போல ஒரு வளைவு, அடியில் இரண்டு புள்ளி. வைகாசியில் சந்தனமாரியின் நீலக் கண்டாங்கி சிற்றாற்று மணலில் மறுபடியும் மாறிப்போயிற்று. சுந்தரபாண்டியபுரத்துச் சலவைக்காரரே அதைத் தன் மூட்டையில் கண்டெடுத்தார், மூலையைப் பிரித்துக் குறியைப் பார்த்தார், தென்காசிக் கடைவீதிக்கு நடந்து வந்து ஹாஜரா பீவியின் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.